மலைநாட்டு வழியில் திசையும் உயரமும்

கோடை விடுமுறை நெருங்கிவிட்டது. பிழைப்பை நாடி வெளியூர்களிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நம் சங்கக் குடும்பங்கள் பெட்டி கட்டத் தொடங்கும் காலம் இது. அவர்களில் பலருக்குச் சொந்த ஊர் என்பது பாலக்காட்டுக் கணவாயை ஒட்டியோ, இடுக்கி மலைகளின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலோ இருக்கிறது. பட்டணத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இப்பொழுதெல்லாம் தாத்தா பாட்டி குடியிருந்த லயங்களைப் பார்ப்பதோடு நிறைவடைவதில்லை. அவர்கள் தலைச்சுமையோடு ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதைகளிலும் நடந்து பார்க்க வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் தேயிலை மலையில் மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் நிற்பது மரமா, மனிதனா, யானையா என்று தெரியாது. எனவேதான் அன்பர்கள் சிலர் என்னிடம் கேட்டார்கள்: கையடக்கமான ஜி.பி.எஸ். கருவி வாங்கும்பொழுது, உள்ளேயே திசைகாட்டியும் உயரமானியும் பொருத்திய கருவிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது தகுமா?

ரயில்வே குமாஸ்தாவிடம் இதைக் கேட்பானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். விடுமுறை கிடைத்தால் மலையேறி நடப்பது என் வழக்கம். அதோடு, உயரத்தைப் பற்றி அறிய விரும்புகிறவனுக்கு ரயில்வே ஸ்டேஷனைவிடச் சிறந்த இடம் வேறில்லை. ஏன் என்பதைப் பின்னே சொல்கிறேன்.

கடையில் கேள்வி எளிதாகவே தோன்றும். எடுத்துக்காட்டாக, கார்மின் நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் ஈட்ரெக்ஸ் 22எக்ஸ், 32எக்ஸ் என இரண்டு கருவிகளை வெளியிட்டது. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். பின்னதில் திசைகாட்டியும் காற்றழுத்த உயரமானியும் உண்டு. முன்னதில் அவை இல்லை. விலை வேறுபாட்டின் காரணம் பெரும்பாலும் இவ்வளவே.

விண்ணில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நான்கேனும் கண்ணுக்கு எட்டினால், கருவி தான் நிற்கும் இடத்தைக் கணக்கிட்டுவிடும். அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கிய பிறகு, திறந்த வெளியில் அந்தக் கணக்குச் சில மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது. ஆனால் இரண்டு செய்திகளை அது சொல்லத் தடுமாறுகிறது. முதலாவது, நாம் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறோம் என்பது. நடந்துகொண்டிருந்தால், முன்னிருந்த இடத்தையும் இப்போதுள்ள இடத்தையும் ஒப்பிட்டுத் திசையை ஊகித்துக்கொள்ளும். நின்றுவிட்டாலோ, காட்டுக்குள் தவழ்வது போல் நடந்தாலோ, திரையிலுள்ள அம்பு கிறுகிறுத்துச் சுழலத் தொடங்கும். வழி தவறியவன் முதலில் செய்வது நிற்பதுதான் அல்லவா? அந்த நேரத்தில்தான் அம்பு கைவிடுகிறது. இரண்டாவது, உயரம். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்குமேலே இருக்கின்றன. பூமிக்கடியில் ஒன்றும் இல்லை. ஆதலால் கிடைநிலைக் கணக்கில் வரும் பிழையைக் காட்டிலும் உயரக் கணக்கில் வரும் பிழை பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும்.

உயர விஷயத்தில் நம் தென்னாட்டுக்கு ஒரு விந்தையும் உண்டு. செயற்கைக்கோள் கணக்கு, பூமியை வழவழப்பான ஒரு முட்டை வடிவமாகக் கொண்டு உயரத்தை அளக்கிறது. உண்மையான கடல் மட்டமோ அப்படி இல்லை. புவியீர்ப்பு எங்கும் ஒரே அளவில் இல்லாமையால் அது மேடு பள்ளமாக இருக்கிறது. உலகிலேயே மிக ஆழமான அந்தப் பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்துமாக்கடலில், 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. அதன் சரிவில்தான் கேரளமும் தமிழகமும் இருக்கின்றன. திருத்தம் செய்யாத கணக்கில் பார்த்தால், கொச்சிக் கடற்கரையில் நிற்பவன் கடலுக்கடியில் ஏறத்தாழ 90 மீட்டர் ஆழத்தில் நிற்பதாக விடை வரும்! கருவிக்குள் இதற்குரிய திருத்த அட்டவணை இருப்பதால் நாம் மூழ்காமல் தப்புகிறோம்.

நிற்க. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குவோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கும் வாயில் இக்கணவாய். 1862-இல் சென்னையையும் மேற்குக் கரையில் பேப்பூரையும் இணைத்த இருப்புப்பாதை இவ்வழியாகத்தான் சென்றது. கோயம்புத்தூர் கடல் மட்டத்துக்குமேல் 400 மீட்டரை ஒட்டி இருக்கிறது. பாலக்காடு 80 மீட்டரை ஒட்டி. இடையே 50 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தூரம். ஒரு கிலோமீட்டருக்கு ஆறேழு மீட்டர் இறக்கம் என்றால், உயரமானிக்கு இங்கே என்ன வேலை? வாளையாறு முதல் கொல்லங்கோடு வரையில் வயலும் பனையும் வாய்க்காலுமாகக் கிடக்கும் இந்நிலத்தில் அதைப் பையிலிருந்து எடுக்கவும் வேண்டாம்.

திசைகாட்டிதான் இங்கே பயன்படும். பனை வரிசைகள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும். வரப்புகள் வளைந்து வளைந்து நம்மைத் திருப்பிவிடும். திசைகாட்டியைப் பொறுத்தவரையில் நாம் பாக்கியசாலிகள். காந்த வடக்குக்கும் மெய் வடக்குக்கும் உள்ள வேறுபாடு உலகின் சில பகுதிகளில் 20 பாகைக்கும் மேல் போகும். நம் பக்கத்தில் அது இரண்டு பாகையை ஒட்டியே நிற்கிறது. ஒரு கிலோமீட்டர் நேராக நடந்தால் முப்பத்தைந்து மீட்டர் விலகுவோம், அவ்வளவே. மேலும் காந்த நடுக்கோடு நமக்கு அருகே தெற்கில் செல்வதால் முள் தலை கவிழ்ந்து இழுக்கப்படுவதும் மிகச் சிறிது. இதனை முன்னோர் நன்கு அறிந்திருந்தார்கள். 1837-இல் சுவாதித் திருநாள் மன்னர் திருவனந்தபுரத்தில் வானாராய்ச்சி நிலையம் அமைத்தார். பின்னர் அதன் தலைவராக வந்த ஜான் ஆலன் பிரவுன் 1850-களில் அகத்தியமலை உச்சியிலேயே ஒரு நிலையம் கட்டிக் காந்த அளவுகளைக் குறித்தார். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் ஏவப்பட்டதற்கும், அந்த மீனவர் கிராமம் காந்த நடுக்கோட்டின் அருகே இருந்ததே காரணம்.

இனி ஸ்டேஷன் விஷயம். நம் நாட்டு ரயில் நிலையங்களின் மஞ்சள் பெயர்ப் பலகையில், ஊரின் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஓர் எண் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சராசரிக் கடல் மட்டத்துக்குமேல் அந்நிலையம் இத்தனை மீட்டர் உயரம் என்பதே அது. 1909-இல் ஒன்பது துறைமுகங்களின் கடல் ஏற்ற இறக்கத்தை ஆதாரமாகக் கொண்டு நாடெங்கும் பரப்பிய மட்டக் கணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தது அவ்வெண். வண்டி ஓட்டுபவர்களுக்கும் பாதை அமைப்பவர்களுக்கும் என எழுதியதுதான். ஆயினும் உயரமானி வைத்திருப்பவனுக்கு அது இலவசமாகக் கிடைத்த உரைகல். பலகையருகே நின்று, கருவியில் அந்த எண்ணைப் பதிந்துவிட்டால் அன்றைய பயணத்துக்கு அடித்தளம் ஆயிற்று.

இதில் ஒரு வேடிக்கை. உயரத்தை ஒத்துவைக்க மிகவும் ஏற்ற இடம் எதுவோ, அதுவே திசைகாட்டியை ஒத்துவைக்க மிகவும் தகாத இடம். தண்டவாளம், இரும்புத் தூண், மேம்பாலம், மின்கம்பி எல்லாம் சேர்ந்து வடக்கைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஆகவே உயரத்தை நடைமேடையில் பதிந்துவிட்டு, திசைகாட்டியைச் சரிசெய்ய ஊருக்கு வெளியே வெட்டவெளிக்குப் போகவேண்டும். பெல்ட்டின் இரும்புக் கொக்கி, கைப்பேசியின் ஒலிபெருக்கி, பர்சிலுள்ள காந்தப் பூட்டு இவற்றையும் தள்ளி வைக்கவேண்டும். கருவி சொல்லும் முறையில் அதைச் சுழற்றினால் ஒரு நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். மின்கலத்தை மாற்றிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்தாக வேண்டும். புது மின்கலத்தின் உறையும் இரும்புதானே.

சென்ற விடுமுறையில் பாலக்காடு டவுனிலிருந்து பொள்ளாச்சி வண்டியில் புறப்பட்டேன். புதுநகரம், கொல்லங்கோடு, மாந்தோப்புகளுக்குப் பேர்போன முதலமடை, மீனாட்சிபுரம் என்று தெற்கே நெல்லியாம்பதி மலைச்சுவரை ஒட்டியே பாதை போகிறது. உடுமலைப்பேட்டையில் இறங்கி, பலகை எண்ணைப் பதிந்துகொண்டு, சின்னாறு வழியாக மறையூர் செல்லும் பேருந்தில் ஏறினேன். மழைமறைவில் கிடக்கும் அந்த முட்காட்டைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. உயரமானி மளமளவென்று ஏறிற்று. மறையூரில் ஆயிரத்தைத் தொட்டு நின்றது. மூணாற்றை நெருங்கும்போது ஆயிரத்தைந்நூறு. என் பக்கத்து இருக்கைச் சிறுமியிடம் வேறோர் உயரமானி இருந்தது. உடுமலையில் வாங்கிய உருளைக்கிழங்கு வறுவல் பொட்டலம், மறையூருக்கு மேலே பந்துபோல் உப்பிவிட்டது! காற்றழுத்தத்தின் இலக்கணம் முழுவதும் அந்தப் பொட்டலத்தில் அடங்கியிருக்கிறது. மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைகிறது. தாழ்நிலத்தில் சுமார் எட்டு மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். மூணாற்று உயரத்தில் அதே அளவு குறைய ஏறத்தாழ பத்து மீட்டர் ஏறவேண்டும். மலையில் பருப்பு வேகத் தாமதமாகிறதே என்று நம் பெண்மணிகள் குறைப்படுவதும் இதனால்தான்; அங்கே நீர் 95 பாகையை ஒட்டியே கொதித்துவிடுகிறது. பழைய நில அளவைக்காரர்கள் நீர் கொதிக்கும் வெப்பத்தைக் கொண்டே மலை உயரத்தைக் கணித்தார்கள்.

விமானத்தில் வருகிறவர்களுக்கு இங்கே ஒரு குறிப்பு. பத்தாயிரம் மீட்டர் உயரத்தில் பறக்கும்போதும் உங்கள் உயரமானி இரண்டாயிரத்தை ஒட்டியே காட்டும். அது அறைக்குள் அடைத்த காற்றைத்தான் அளக்கிறது. கருவி கெட்டுவிட்டதென்று எண்ணவேண்டாம். இறங்கிய பிறகு புதிதாக ஒத்துவையுங்கள்.

என் தாய்மாமன் தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்றுக் குண்டளைப் பக்கத்தில் மகனோடு இருக்கிறார். அந்தப் பள்ளத்தாக்கு ரயில்வேக்காரர்களுக்குச் சிறிது நெஞ்சை உருக்கும் இடம். 1902-இல் அங்கே ஒற்றைத் தண்டவாளத்தில் மாடு இழுக்கும் வண்டி ஓடியது. 1908-இல் இரண்டடி அகலக் குறும்பாதையாகி, நீராவி எஞ்சின் வந்தது. மூணாற்றிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக ‘டாப் ஸ்டேஷன்’ வரை தேயிலைப் பெட்டிகள் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கித் தமிழ்நாட்டின் கொட்டகுடிக்கு இறங்கின. 1924-ஆம் ஆண்டு ஜூலைப் பெருவெள்ளம் அப்பாதையை ஒரேயடியாகத் துடைத்தெறிந்தது. இன்று ஸ்டேஷன் இல்லை. பெயர் மட்டும் இருக்கிறது. உயரம் எழுதிய பலகையும் இல்லை.

மாமாவின் வீட்டு வாசலில் காலை பத்து மணிக்குக் கருவி 1,746 காட்டியது. அதைத் திண்ணையில் அப்படியே வைத்துவிட்டு மாலை நான்கு மணிக்குப் பார்த்தோம், 1,775!

“மாப்பிள்ளை, வீடு வளர்ந்ததா, உம்முடைய கருவி வளர்ந்ததா?” என்று மாமா சிரித்தார்.

“காற்று தேய்ந்தது மாமா” என்றேன்.

உண்மை அதுதான். வெப்ப மண்டல நாடுகளில், கடலுக்கு ஏற்றவற்றம் இருப்பதுபோல் காற்றுக்கும் உண்டு. காலை பத்து மணியளவிலும் இரவு பத்து மணியளவிலும் அழுத்தம் உச்சத்தில் இருக்கும்; மாலை நான்குக்கும் விடியற்காலை நான்குக்கும் தாழ்ந்திருக்கும். வேறுபாடு மூன்று ஹெக்டோபாஸ்கல் வரும். அது முப்பது மீட்டருக்குச் சமம். குளிர்நாட்டுக்காரர் எழுதிய கைப்புத்தகங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. அவர்கள் நாட்டில் இந்தத் தினசரி ஊசல் சிறியது. நமக்கோ அது நாள்தோறும் வரும் விருந்தாளி. புயல் நெருங்கினால் பிழை இன்னும் பெருகும். செயற்கைக்கோள் உயரத்தோடு ஒப்பிட்டு மெள்ளத் தானே திருத்திக்கொள்ளும் வசதி பெரும்பாலான கருவிகளில் உண்டு. சோதனைக்காக நான் அதை அணைத்து வைத்திருந்தேன். வழிநடையில் அதை அணைக்கக் கூடாது.

மறுநாள் மாமாவும் நானும் பக்கத்து டிவிஷனிலுள்ள உறவினரைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். மூன்று மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டது. தேயிலைக் காட்டுப் பாதைகள் மலையைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக, படிக்கட்டுப்போல் மட்டமாகச் செல்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இடையே நாற்பது, ஐம்பது மீட்டர் உயர வேறுபாடு. ஒரு வளைவைத் தவறவிட்டால் மேற்பாதையில் ஏறிவிடுவோம். அதுவும் அதே செடி, அதே சில்வர் ஓக் மரம், அதே திருப்பம். இப்படித்தான் பல ஆண்டுகளுக்கு முன் மாமாவோடு வேலை செய்த ஒருவர் தம் லயத்துக்கு நேர் மேலேயே இரவெல்லாம் குளிரில் கிடந்தாராம். சோலைக்காட்டை ஒட்டி நின்றபோது கருவியைப் பார்த்தோம். அடர்ந்த இலைக்கூரையும் செங்குத்தான பாறையும் வானத்தை மறைத்ததால், செயற்கைக்கோள் கணக்கு எங்களை ஓடைக்கு அக்கரையில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. அம்பைக் கேட்டிருந்தால் ஓடையில் இறங்கியிருப்போம். உயரமானியோ, வீட்டுப் பாதையைவிட 45 மீட்டர் மேலே நிற்கிறீர்கள் என்றது. புறப்படும்போது அப்பாதையின் உயரத்தைக் குறித்து வைத்திருந்தோம். செடிகளுக்கிடையே கொழுந்து எடுப்போர் நடக்கும் சந்தில் இறங்கினோம். எண் குறைந்து குறைந்து குறித்த அளவுக்கு வந்தபோது காலடியில் பாதை இருந்தது.

பாதைகளெல்லாம் மட்டமாகச் செல்லும் மலையில், எந்த மட்டத்தில் நிற்கிறோம் என்று தெரிவதே பாதி வழி தெரிந்தது போலாகும். இலைக்கூரையும் பள்ளத்தாக்கும் காற்றை மறைப்பதில்லை. இடுக்கிக்குச் செல்பவர்கள் கூடுதல் விலையைத் தயங்காமல் கொடுக்கலாம் என்று நான் சொல்வது இதனால்தான். இன்று கைப்பேசிகளில் திசைகாட்டி ஏறக்குறைய எல்லாவற்றிலும் இருக்கிறது. காற்றழுத்தமானி சிலவற்றில் மட்டுமே. பாலக்காட்டு வயல்வெளியில் சுற்றுவோருக்குக் கைப்பேசியே போதும்.

திசைகாட்டி இடுக்கிக்கு வேண்டாமோ என்றால், வேண்டும். அதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. “ஓடையைப் பிடித்து நட, அது மேற்கே ஓடினால் கேரளம், கிழக்கே ஓடினால் தமிழ்நாடு” என்பது எல்லை மலைகளில் வழங்கும் பழைய யோசனை. பெரும்பாலும் சரியே. ஆனால் கேரளத்தின் நாற்பத்து நான்கு ஆறுகளில் மூன்று கிழக்கே பாய்கின்றன: கபினி, பவானி, பாம்பாறு. இவற்றில் பவானி பாலக்காட்டின் அட்டப்பாடியிலும், பாம்பாறு இடுக்கியின் மறையூர்ப் பக்கத்திலும் ஓடுகின்றன. நாம் பேசும் இரண்டு மாவட்டங்களிலேயே அந்த யோசனை பொய்த்துப் போகிறது! மறையூரில் மூடுபனிக்கிடையே கிழக்கே ஓடும் நீரைக் கண்டு, எல்லை தாண்டிவிட்டோமென்று எண்ணி எதிர்ப்பக்கம் ஏறுபவன் காட்டின் நடுவுக்குள் போவான். யானைகளுக்கு எல்லைக்கோடு கிடையாது. 2023 ஏப்ரலில் சின்னக்கானலில் பிடித்துக் கழுத்தில் செயற்கைக்கோள் பட்டை கட்டி விடப்பட்ட அரிக்கொம்பன், அடுத்த மாதமே தமிழ்நாட்டில் கம்பம் நகருக்குள் நடந்து வந்ததை நாம் அறிவோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில், கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த இளைஞர் கூட்டத்தைக் காட்டுத் தீ சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். காய்ந்த புல்லில் பரவும் தீக்கு எந்தக் கருவியும் தடையாகாது. திசைகாட்டி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று பேசுவது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். தீக்காலமான பிப்ரவரி, மார்ச், ஏப்ரலில் அந்தச் சரிவுகளுக்குப் போகவே வேண்டாம். வேறு காலத்திலும் வனத்துறையின் அனுமதியும் துணைக்கு அவர்கள் அனுப்பும் ஆளும் இன்றிப் போகவேண்டாம். ஆபத்தில் 112-ஐ அழைக்கும் நிலை வந்தால், இருக்குமிடத்தின் எண்களோடு உயரத்தையும் சொல்லுங்கள். செங்குத்து மலையில் மேலிருந்து வருவதா, கீழிருந்து வருவதா என்று தேடிவருவோர் முடிவு செய்ய அது உதவும்.

வெளிநாட்டிலிருந்து வருவோர் மற்றொன்றும் கவனிக்கவேண்டும். செயற்கைக்கோளிடமிருந்து குறிப்பை வாங்கிக்கொள்ள மட்டுமே செய்யும் ஜி.பி.எஸ். கருவியைக் கொண்டுவருவதில் தொல்லை இல்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியும், செயற்கைக்கோள் தொலைபேசியும் அப்படியல்ல. அரசு அனுமதியின்றி அவற்றைக் கொண்டுவந்தால் விமான நிலையத்திலேயே வழக்கில் சிக்கிக்கொள்வீர்கள். கடையில் இரண்டும் ஒரே அலமாரியில் இருக்கும், கேட்டு வாங்குங்கள்.

உயரமானியின் முதுகில் குண்டூசி முனையளவு துளை ஒன்று இருக்கும். காற்று அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. அட்டைக்கடிக்குப் பூசும் உப்பு, புகையிலைத் தூள் ஆகியவை அதில் அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மின்கலம் குளிரில் விரைவில் தீரும்; உபரி இரண்டு சட்டைப்பைக்குள் உடல் சூட்டில் இருக்கட்டும். கூடவே ஐம்பது ரூபாய் முள் திசைகாட்டி ஒன்றும்.

நான் புறப்பட்ட அன்று காலை பத்து மணிக்கு மாமா கருவியைக் கேட்டு வாங்கி, வாசற்படியில் வைத்துப் பார்த்தார். 1,748. முந்திய நாளைவிட இரண்டு கூடுதல். சாய்மானம் பேசாமல் பென்சிலால் நிலைக்கதவின் உட்பக்கத்தில் 1,747 என்று எழுதி, அருகே மணியையும் குறித்தார். பேரப்பிள்ளைகள் மே மாதம் வருகிறார்கள். அவர்கள் கருவியைப் பதிந்துகொள்ளப் பலகை வேண்டாமா என்றார்.